தேனீப் பெட்டியில் உண்ணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் முடிந்து பெட்டிகளைத் திறந்து பார்க்கும் நாட்களில் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். "வாசலில் ஈ ஊர்கிறது, பறக்கவில்லை", "அடை முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கிறது", "சிவப்பாக ஏதோ ஓடுகிறது, என்ன மருந்து போடலாம்?" மார்த்தாண்டத்தைச் சுற்றி ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். இப்போது கோவை, திண்டுக்கல் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். நான் இந்தியத் தேனீயும் கொஞ்சம் இத்தாலியத் தேனீயும் வளர்க்கிறவன். திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் பெட்டியில் இருப்பது எந்தத் தேனீ என்று தெரிந்துகொண்டு படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட பதில்கள் அதைப் பொறுத்து மாறும்.

உண்ணி என்றால் என்ன? மாட்டு உண்ணி மாதிரியா?

அதே வகையறாதான். எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம், பூச்சி இனம் அல்ல. தேனீக்களில் பேசவேண்டிய உண்ணி மூன்று. முதலாவது வரோவா. தாய் உண்ணி செம்பழுப்பாக, தட்டையாக, சின்ன நண்டு போல இருக்கும். நீளத்தைவிட அகலம் கூடுதல்: நீளம் 1.1 மில்லிமீட்டர், அகலம் 1.6. கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே சொருகிக்கொண்டால் தெரியாது. இரண்டாவது டிராப்பிலீலாப்ஸ். இது மெலிந்து நீண்டிருக்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இராது, அடையின் மேல் விறுவிறுவென்று ஓடும். மூன்றாவது தேனீயின் மூச்சுக்குழாய்க்குள் வாழ்வது. அதை நுண்ணோக்கி இல்லாமல் பார்க்கவே முடியாது.

பெட்டியின் அடிப்பலகைக் குப்பையில் வெளிறிய நிறத்தில் ஊரும் சிறு உண்ணிகளைப் பார்த்துப் பயந்து அழைப்பவர்களும் உண்டு. அவை சிந்திய மகரந்தத்தைத் தின்பவை. அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்தால் போதும்.

வரோவா எங்கிருந்து வந்தது?

நம் ஆசியாவிலிருந்துதான். பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை கட்டுகிற நம் தேனீயின் பழைய ஒட்டுண்ணி இது. 1904இல் ஜாவா தீவில் கிடைத்த உண்ணிக்கு வரோவா ஜேக்கப்சோனி என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஐரோப்பியத் தேனீயை (நம் இத்தாலியத் தேனீ இதன் வகைதான்) ஆசியாவுக்குக் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்க்க, உண்ணி அங்கே தாவியது. அப்படித் தாவி உலகமெல்லாம் கூட்டங்களை அழித்தது வேறொரு இனம் என்று 2000ஆம் ஆண்டில்தான் தெளிவானது. டெனிஸ் ஆண்டர்சனும் ஜான் ட்ரூமனும் அதற்கு வரோவா டிஸ்ட்ரக்டர், அதாவது அழிப்பான், என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் 1987இல், இங்கிலாந்தில் 1992இல், நியூசிலாந்தில் 2000இல் கண்டுபிடிக்கப்பட்டது. வெகுகாலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தருகே தென்பட்டது. ஆயிரக்கணக்கான கூட்டங்களை அழித்துப் பார்த்தும் நிறுத்த முடியாமல், 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டு, இனி இதனோடுதான் வாழவேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நமக்கும் அதே நிலைதான். உண்ணியே இல்லாத பெட்டி என்பது இங்கே கிடையாது. எத்தனை இருக்கிறது என்பதே கேள்வி.

ஒரு சின்ன உண்ணி எப்படி ஒரு கூட்டத்தையே சாய்க்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாய் உண்ணி வளர்ந்த தேனீயின் மேல் சவாரி செய்யும். மூடப்படப் போகும் புழு அறையைப் பார்த்து இறங்கி, புழுவின் அடியில் இருக்கும் உணவுக்குள் பதுங்கிக்கொள்ளும். வேலைக்காரத் தேனீக்கள் விஷயம் தெரியாமல் அறையை மெழுகால் மூடுவார்கள். மூடி ஏறக்குறைய மூன்று நாளில் அது முதல் முட்டை இடும். அது ஆண். அதன் பிறகு சுமார் 30 மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். உள்ளேயே இவை இணைகின்றன. தேனீ அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்போது, தாயும் முதிர்ந்த மகள்களும் அதன் மேல் ஏறி வந்துவிடும். மகன் உள்ளேயே செத்துவிடுவான்.

இத்தாலியத் தேனீயில் வேலைக்காரப் புழுவின் அறை சுமார் 12 நாள் மூடியிருக்கும், ஆண் அறை 14, 15 நாள். அந்த இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் கூடுதலாக ஒரு மகள் தேறிவிடுவாள். அதனால்தான் உண்ணி ஆண் அறையை எட்டுப் பத்து மடங்கு விரும்பித் தேடிப் போகிறது.

இன்னொன்று. உண்ணி தேனீயின் ரத்தத்தைக் குடிப்பதாகத்தான் பல காலம் எழுதினார்கள். 2019இல் சாமுவேல் ராம்சியும் உடன் ஆய்வாளர்களும், வளர்ந்த தேனீயில் அது தின்பது முக்கியமாகக் கொழுப்புத் திசுவை என்று காட்டினார்கள். தேனீக்கு அந்தத் திசு நம் கல்லீரல் மாதிரி: சத்தைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, நோயை எதிர்ப்பது எல்லாம் அங்கேதான். அதைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் வைரஸையும் ஏற்றிவிட்டுப் போகிறது. சிறகு சுருங்கிப் பிறக்கும் தேனீக்களுக்குக் காரணம் அந்த வைரஸ். உண்ணி குறைவாக இருக்கும்போது இந்த வைரஸ் பெட்டிக்குள் தூங்கிக் கிடக்கும். உண்ணி பெருகினால் அதுவும் பெருகும்.

நான் வளர்ப்பது இந்தியத் தேனீ. எனக்கும் கவலை வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும், ஏனென்றால் நம் தேனீயின் திறமை நம் ஆட்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

உண்ணியோடு ஆயிரமாயிரம் ஆண்டு பழகியதால் நம் தேனீ பல வழி கற்றுவைத்திருக்கிறது. மேலே உண்ணி ஏறினால் உடம்பை உதறும், காலால் தட்டிவிடும், சில நேரம் பக்கத்துத் தேனீக்களும் சேர்ந்து துழாவிக் கடித்து எறியும். வேலைக்காரப் புழு அறைக்குள் உண்ணி புகுந்தால் அந்தக் கூட்டுப்புழு சீக்கிரமே நலிந்துவிடும், சுத்தம் செய்யும் தேனீக்கள் மோப்பம் பிடித்து அறையைத் திறந்து புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். உண்ணியின் குடும்பமும் அதோடு போயிற்று. ஆகவே நம் தேனீயில் உண்ணி பெருகுவது பெரும்பாலும் ஆண் அறையில் மட்டும். அங்கேயும் ஒரு தடுப்பு உண்டு: பல உண்ணிகள் தாக்கிய ஆண் கூட்டுப்புழுவுக்கு அந்தக் கெட்டி மூடியைத் தள்ளித் திறக்கத் தெம்பு இருக்காது. வேலைக்காரத் தேனீக்களும் திறந்துவிட மாட்டார்கள். உண்ணிகளோடு சேர்ந்து அறையே கல்லறை ஆகிவிடும்.

ஆண் அறை வருடம் முழுக்க இராது, கூட்டம் பிரியும் பருவத்தில்தான் இருக்கும். அதனால் உண்ணிக்கும் அந்தச் சில வாரம்தான் வாய்ப்பு.

சரி, அப்படியானால் இந்தியத் தேனீக்காரர் செய்யவேண்டியது என்ன? கூட்டத்தைப் பலமாக வைத்திருப்பது. பூ இல்லாத பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள், பழைய கறுத்த அடைகளை மாற்றுங்கள். இத்தாலியத் தேனீக்குச் சொன்ன மருந்தை இதற்குப் போடாதீர்கள். சின்னக் கூட்டம், பயந்த சுபாவம். வாடை பிடிக்காவிட்டால் ஒட்டுமொத்தமாகப் பெட்டியைவிட்டு ஓடிவிடும்.

ஆண் அறை மூடிகளின் நடுவே ஊசித்துளை தெரிகிறது. உண்ணி போட்ட ஓட்டையா?

இல்லை. இந்தியத் தேனீயின் ஆண் அறை மூடி அப்படித்தான் இருக்கும். மேலே உள்ள மெழுகைத் தேனீக்கள் உரித்ததும் கூம்பான கெட்டி மூடியும் அதன் உச்சியில் சிறு துளையும் தெரியும். இத்தாலியத் தேனீயில் இது கிடையாது.

வாசலில் ஈக்கள் ஊர்கின்றன, சில புழுக்கள் செத்துக் கிடக்கின்றன. உண்ணிதானே?

அவசரப்படாதீர்கள். சிறகு கசங்கிய காகிதம் போலச் சுருங்கியிருந்தால், வயிறு குட்டையாக இருந்தால், உண்ணியைச் சந்தேகிக்கலாம். சிறகெல்லாம் நன்றாக இருந்தும் சுழன்று விழுந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கும்பலாகச் சாகின்றன என்றால், பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மருந்து அடித்திருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் எண்ணமாக இருக்கும்.

இந்தியத் தேனீயில் புழு சாகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது உண்ணியை அல்ல, தாய்லாந்துப் பெயர் கொண்ட ‘தாய் சாக்புரூட்’ என்ற வைரஸ் நோயை. புழு அறைக்குள் நிமிர்ந்து, தலை தூக்கி, படகு மாதிரி கிடக்கும். குச்சியால் எடுத்தால் நீர் நிறைந்த பை போல வரும். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் எங்கள் குமரி மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போனது இந்த நோய்தான். வீட்டுக்கு வீடு காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்த காலம் அது. அதன் பிறகுதான் பலர் இத்தாலியத் தேனீயின் பக்கம் திரும்பினார்கள், அதனோடு உண்ணித் தொல்லையும் பெரிதாயிற்று. இந்த வைரஸுக்கு உண்ணி மருந்து எதுவும் கேட்காது.

மெழுகு அந்துப்பூச்சி வந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில். பலமான கூட்டத்தில் அந்துப்பூச்சி தலைதூக்க முடியாது. முதலில் கூட்டம் ஏன் மெலிந்தது என்று பாருங்கள்.

உண்ணி எவ்வளவு இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

இத்தாலியத் தேனீக்குச் சர்க்கரை உருட்டல் முறை நல்லது. தேனீ சாகாது, செலவும் இல்லை. ஒரு அகல வாய் கண்ணாடிப் பாட்டில் எடுத்து, மூடியை வெட்டி, தேனீ வெளியே வராத, உண்ணி மட்டும் விழுகிற அளவு கம்பிவலை பொருத்துங்கள். வலைக்கண் சுமார் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். சர்க்கரையை வீட்டு மிக்ஸியிலேயே மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், தேனீக்கு ஆகாது.

புழு இருக்கும் சட்டம் (அடை கட்டியிருக்கும் மரச்சட்டகம்) ஒன்றை எடுத்து, ராணி அதில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை என்று சும்மா சொல்லவில்லை. பாட்டிலுக்குள் ராணி போனால் கூட்டமே பாழ். அரை கப் தேனீயை பாட்டிலில் தட்டிப் போடுங்கள், அது கிட்டத்தட்ட 300 இருக்கும். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை மாவைத் தூவி, ஒரு நிமிடம் மெதுவாக உருட்டி, இரண்டு நிமிடம் நிழலில் வையுங்கள். பிறகு வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து நன்றாகக் குலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சர்க்கரை கரைந்து உண்ணிகள் சிவப்பாக மிதக்கும். எண்ணி மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று வந்துவிடும். தேனீக்களைப் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிடுங்கள், மற்றவை நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

மழை ஈரத்தில் இதைச் செய்யாதீர்கள். மாவு கட்டியாகி உண்ணி உதிராது, எண்ணிக்கை குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். வெயில் நாளில், தேனீ காய்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

இந்தியத் தேனீயை இப்படி உருட்ட வேண்டாம். ஆண் அறைகள் உள்ள பருவத்தில் மூடிய ஆண் அறைகளை முள்கரண்டியால் கிளறி வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்தால் போதும்.

எத்தனை இருந்தால் மருந்து?

இத்தாலியத் தேனீயில் நூறுக்கு ஒன்று என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். மூன்று என்றால் அந்த வாரமே ஏதாவது செய்யுங்கள். இரண்டு என்றால் பருவத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். கூட்டம் பெருகும் காலமாக இருந்தால் நான் காத்திருக்க மாட்டேன்.

மூன்று என்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். நீங்கள் எண்ணியது தேனீ மேல் சவாரி செய்தவற்றை மட்டும். புழு நிறைந்த பெட்டியில் பாதிக்கு மேற்பட்ட உண்ணிகள் மூடிய அறைகளுக்குள் இருக்கின்றன. அவை கணக்கிலேயே வரவில்லை.

டிராப்பிலீலாப்ஸ் வரோவாவைவிட மோசமா?

இத்தாலியத் தேனீயில், ஆமாம். நம் ஊர் இத்தாலியப் பெட்டிகளில் எனக்கு அதிகம் பயம் இதுதான். ஆனால் பலர் இதைப் பார்த்ததே இல்லை, வரோவாவையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

மலைத் தேனீதான் இதற்குத் தாய்வீடு. நம் வயல்வெளியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒற்றை அடை கட்டித் தொங்கும் அந்தப் பெரிய தேனீயிடமிருந்து இத்தாலியப் பெட்டிக்கு வருகிறது. அறைக்குள்ளே அதன் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வெளியே வந்ததும் தேனீ மேல் உட்கார்ந்து நாள் கழிக்காமல் உடனே அடுத்த அறைக்குள் புகுந்துவிடும். அதனால் வரோவாவைவிட மிக வேகமாகப் பெருகும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் பெரும்பாலும் இதுதான் முந்தும்.

தேனீ மேல் அதிகம் தங்காததால் சர்க்கரை உருட்டலில் இது சரியாகச் சிக்காது. மூடிய புழு உள்ள சட்டத்திலிருந்து தேனீக்களை உதறிவிட்டு, சட்டத்தை வெள்ளைத் தட்டின் ஓரத்தில் ஓங்கித் தட்டுங்கள். பிறகு திருப்பி மறுபக்கம் தட்டுங்கள். தட்டில் மெல்லிய சிவப்புப் புள்ளிகள் ஓடத் தொடங்கினால், அதுதான். அடையைப் பார்த்தாலும் தெரியும்: மூடிகள் அமுங்கி, அங்கங்கே கடித்துத் திறந்து, புழு சிதறிக் கிடக்கும்.

ஆனால் இதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வளர்ந்த தேனீயின் தோலைத் துளைக்க இதன் வாயால் முடியாது, மென்மையான புழுவும் கூட்டுப்புழுவும் வேண்டும். புழு இல்லாவிட்டால் சில நாட்களில் பட்டினியில் செத்துவிடும். ராணியைக் கூண்டில் மூன்று வாரம் அடைத்து வைத்து, இருக்கிற புழுவெல்லாம் தேனீயாகி வெளியே வந்தபின் மேலும் மூன்று நாலு நாள் அடையைக் காலியாக விட்டால், மருந்தே இல்லாமல் பெரும்பகுதி ஒழிந்துவிடும். ஆண் அறைகள் இருந்தால் அவற்றை வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு முறை தேன் காலம் முடிந்ததும் என் ஆறு இத்தாலியப் பெட்டிகளில் இதைச் செய்தேன். பயந்துகொண்டேதான் செய்தேன். ஒன்றில் ராணியை ஏற்காமல் போனார்கள், மீதி ஐந்தும் தேறிவிட்டன.

நம் வேளாண் பரிந்துரைகளில் நெடுங்காலமாக இருப்பது கந்தகத் தூள்: ஒரு சட்டத்துக்கு 200 மில்லிகிராம், சட்டங்களின் மேல்கட்டையில், 7 முதல் 10 நாள் இடைவெளியில். 200 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, தேனீ ஓடிவிட்டது என்று அழைக்காதீர்கள். புழு மேல் கொட்டவும் கூடாது.

மருந்தே வேண்டாம் என்று நினைக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

இத்தாலியத் தேனீயில் வரோவாவுக்கு ஆண் அடை வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி. கூட்டம் பெருகும் பருவத்தில் உயரம் குறைந்த ஒரு சட்டத்தைப் பெட்டியில் புழு வளரும் அடுக்குக்குள் வைத்தால், அதன் அடியில் தேனீக்கள் ஆண் அறைகளாகக் கட்டும். உண்ணிகள் அங்கே கூடும். மூடியதும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஆண் தேனீ 24ஆம் நாள் வெளியே வரும், ஆகவே முட்டையிட்ட மூன்று வாரத்துக்குள் எடுத்தாகவேண்டும். மறந்துபோனால் நீங்களே உண்ணிப் பண்ணை வைத்த மாதிரி ஆகிவிடும். நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

அடிப்பலகைக்குப் பதில் கம்பிவலை வைத்தால் உதிரும் உண்ணி தரையில் விழும், மேலே ஏறாது. பலன் கொஞ்சம்தான், ஆனால் காற்றோட்டமும் கிடைக்கும். எறும்புக்குத் தடுப்பு மட்டும் பலமாக இருக்கவேண்டும். சர்க்கரை மாவு தூவுவது பற்றியும் கேட்கிறார்கள். எண்ணுவதற்கு அது நல்லது, சிகிச்சை என்று நம்பி இருக்க முடியாது. மூடிய அறைக்குள் சர்க்கரை போகாது.

பார்மிக் ஆசிட் போடலாமா? எப்படி?

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்க இதே ஆசிட்தான், ஷீட் அடிக்கும் கொட்டகையில் கேனோடு இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாலேயே யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மூடிய அறைக்குள்ளும் நுழைந்து உண்ணியைக் கொல்கிற மருந்து இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதன் ஆவி மூடியைத் தாண்டிப் போகும். இந்தியாவில் இத்தாலியத் தேனீக்குச் சொல்லப்படும் வழக்கமான முறை: 85 சதவீத ஆசிட் 5 மில்லி, பஞ்சுத் திரி போட்ட சிறு குப்பியில், பெட்டிக்குள், நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம். முழுப் பலத்தோடு இருக்கும் பெட்டிக்கான அளவு இது.

வெயில்தான் இதில் எமன். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும், புழு சாகும், ராணியே சாகலாம். ஐரோப்பாவில் எழுதியதைப் படித்துவிட்டு சித்திரை வெயிலில் செய்தால் கூட்டம் போய்விடும். மாலையில் வையுங்கள், வாசலை முழுதாகத் திறந்துவிடுங்கள், மறுநாள் தேனீக்கள் வாசலில் தாடி போலக் கூடித் தொங்கினால் குப்பியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் கண்ணையும் நுரையீரலையும் பற்றியும் சொல்லவேண்டும். ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் 85 சதவீத ஆசிட்டைத் தொடாதீர்கள். நீர்க்கவேண்டுமானால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். காற்று வரும் பக்கம் நில்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் முற்றத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆக்சாலிக் ஆசிட், தைமால்?

ஆக்சாலிக், தேனீ மேல் இருக்கும் உண்ணியை மட்டும் கொல்லும், மூடிய அறைக்குள் போகாது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் புழுவே இல்லாததால் அங்கே ஒரே தடவையில் வேலை முடிகிறது. நமக்கு வருடம் முழுக்கப் புழு உண்டு. ஆகவே ராணியை 24 நாள் கூண்டில் வைத்து, எல்லா அறையும் காலியான பிறகு கொடுத்தால்தான் பலன். ஒரு லிட்டர் சம அளவுச் சர்க்கரைப் பாகில் 35 கிராம், தேனீ நிறைந்த ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் 5 மில்லி, ஒரு கூட்டத்துக்கு 50 மில்லிக்கு மேல் கூடாது. இதுவும் இத்தாலியத் தேனீக்குத்தான். இந்த ஆசிட்டும் விஷம், கையுறை கட்டாயம்.

தைமால், ஓமத்தில் இருக்கும் அதே வாசனைப் பொருள். வேலை செய்யும், ஆனால் வெயிலில் தேனீ வெளியேறும், தேனில் வாடை ஏறும். தேன் காலத்துக்குப் பக்கத்தில் நான் தொடுவதில்லை.

பயிருக்கு அடிக்கும் உண்ணி மருந்து கடையில் கிடைக்கிறது. அட்டையில் நனைத்து வைக்கலாமா?

வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அளவு யாருக்கும் தெரியாது, மெழுகில் ஊறி வருடக்கணக்கில் நிற்கும், தேனிலும் வரும். ஒரே மருந்தை அரைகுறை அளவில் திரும்பத் திரும்ப வைத்தால் உண்ணி பழகிக்கொள்ளும். புளுவாலினேட் என்ற உண்ணி மருந்து ஏற்றிய பட்டைகளுக்கு உலகின் பல நாடுகளில் உண்ணி அப்படித்தான் பழகிப்போயிற்று. தேனீக்கென்று தயாரித்த பட்டைகளை வைப்பதானாலும் குறிப்பிட்ட நாள் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், அடுத்த முறை வேறு வகைக்கு மாறுங்கள். சந்தேகம் வந்தால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையிலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

எந்த மாதத்தில் பார்க்கவேண்டும்?

எங்கள் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊர்ப் பூக்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது, இலைக்காம்பில் ஊறும் தேன்தான் எங்கள் தேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும். அந்த மூன்று மாதமும் பெட்டிக்குள் எந்த மருந்தும் போகக்கூடாது. ஆகவே அக்டோபர், நவம்பரில் எண்ணி, தேவையானால் மருந்தை அப்போதே முடித்துவிட வேண்டும். மழை விட்ட இடைவெளியாகப் பார்த்துச் செய்யுங்கள். ஆண் அடை வெட்டுவதற்கும் அதுதான் பருவம். தேன் எடுத்து முடித்ததும் ஏப்ரலில் மறுபடி ஒரு தடவை எண்ணவேண்டும். ஜூனிலிருந்து வரும் பஞ்ச காலத்தில் கூட்டம் சுருங்கும், ஆனால் உண்ணி அதே அளவு இருக்கும். தேனீக்கு உண்ணி என்கிற விகிதம் அப்போதுதான் ஏறுகிறது. பெட்டிகள் ஆடியில் சாகும்போது பட்டினி என்று நினைக்கிறோம். பாதிக் காரணம் ஏப்ரலில் எண்ணாமல் விட்டதுதான்.

மூச்சுக்குழாய் உண்ணி நம்மிடம் உண்டா?

இந்தியாவில் 1950களிலிருந்தே வட மாநில மலைப்பகுதிகளில் தெரிந்த ஒன்று. 1921இல் ஸ்காட்லாந்தில் ஜான் ரென்னி என்பவரின் குழு இதை அடையாளம் கண்டது. இங்கே எங்கள் வெப்பத்தில் இதைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை.

உண்ணி இருந்த பெட்டியின் தேனைச் சாப்பிடலாமா?

தாராளமாக. உண்ணி மனிதருக்கு எதுவும் செய்யாது. நீங்கள் போட்ட மருந்துதான் கேள்வி.

புதிதாகப் பெட்டி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்கவேண்டும்?

விற்பவரை ஒரு மூடிய புழுச் சட்டத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புழு பரவலாக, இடைவெளியில்லாமல் இருக்கவேண்டும். சட்டத்தைத் தட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். கொண்டுவந்ததும் உங்கள் பழைய பெட்டிகளுக்குத் தள்ளி ஒரு மாதமாவது தனியாக வையுங்கள். ஒரு பெட்டியின் புழுச் சட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றிப் பலப்படுத்துவது நல்ல வழக்கம்தான், ஆனால் எண்ணிப் பார்க்காமல் செய்தால் சட்டத்தோடு நூற்றுக்கணக்கான உண்ணியையும் கொடுத்தவராவீர்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் மலைத் தேனீக் கூடு இருக்கிறது. உண்ணி அங்கிருந்துதான் வருகிறது என்றீர்கள். எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. முதலில் உங்கள் பெட்டியின் நன்மைக்காகவே சொல்கிறேன்: எரித்துக் கீழே விழுந்த அடையில் மிஞ்சிய தேனை எடுக்க மறுநாள் காலையில் முதலில் போவது உங்கள் இத்தாலியத் தேனீதான். அந்த அடையில் இருக்கும் உண்ணியை அதுவே சுமந்துகொண்டு வீடு திரும்பும். கூடு மேலே நிம்மதியாகத் தொங்கும்போது அந்த அளவு தொடர்பே கிடையாது.

அடுத்தது, மலைத் தேனீ வருடம் முழுக்க ஓரிடத்தில் இராது. பூக்காலம் முடிந்ததும் அடையை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு மலைக்கோ சமவெளிக்கோ கிளம்பிவிடும். போகிற வழியில் புழு இருக்காது, புழு இல்லாமல் டிராப்பிலீலாப்ஸ் நிலைக்காது. நாம் ராணியைக் கூண்டில் அடைத்து மூன்று வாரம் பாடுபடுவதை அது பறந்தே முடித்துவிடுகிறது. எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் வருடாவருடம் வந்து கட்டும் கூட்டம் போனபின், அந்த வெற்று அடையை மட்டும் ஏணி வைத்து எடுத்துவிடுவேன். ஆள் இல்லாத அடையை எடுப்பதில் யாருக்கும் கொட்டு இல்லை, அடுத்த வருடம் அதே இடத்தில் வந்து கட்டுவதற்கும் அதற்குத் தடையில்லை.